யானையைக் குறிபார்க்க எத்தனை மடங்கு ஸ்கோப் வேண்டும்? அரிக்கொம்பன் ஆபரேஷன் சொல்லும் பாடம்! | கருவியும் கதையும்

2023 மே 27, சனிக்கிழமை. கம்பம் நகரத் தெருவில் ஒற்றை ஆண் யானை ஓடிவரும் வீடியோ தமிழ்நாடு முழுக்க செல்போன்களில் சுற்றியது. தெருவில் நின்ற வாகனங்கள் நொறுங்கின. ஊருக்குள் 144 தடை உத்தரவு போடப்பட்டது. யானையிடம் சிக்கிப் படுகாயமடைந்த முதியவர் ஒருவர், சிகிச்சை பலனின்றி மே 30 அன்று உயிரிழந்தார்.

அந்த யானைதான் 'அரிக்கொம்பன்'. கேரளாவின் சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர். மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. ஏப்ரல் 29 அன்று அங்கே மயக்க ஊசி போட்டுப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அங்கிருந்து மேகமலை, குமுளி எனச் சுற்றிவிட்டுக் கம்பத்துக்குள் இறங்கிவிட்டது.

"சுட்டுத் தள்ள வேண்டியதுதானே?" என்று டீக்கடைகளில் கேட்டவர்கள் உண்டு. சுட்டார்கள்தான். ஆனால் தோட்டாவால் அல்ல, ஊசியால். ஒரு யானையைத் துப்பாக்கியால் குறிபார்க்க என்ன மாதிரி ஸ்கோப் வேண்டும் என்ற கேள்விக்கு இந்தியாவில் இன்று ஒரே ஒரு இடத்தில்தான் நியாயமான பதில் இருக்கிறது. அது மயக்க ஊசித் துப்பாக்கியின் முதுகில்!

வேட்டைத் துப்பாக்கி போய், ஊசித் துப்பாக்கி வந்த கதை

வெள்ளைக்காரர் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் எஸ்டேட் துரைமார்களுக்கு வேட்டை ஒரு பொழுதுபோக்கு. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1977-ல் யானை அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதாவது உச்சபட்சப் பாதுகாப்பு.

மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கை என்ன செய்வது? அதற்கு அதே சட்டத்தின் 11-வது பிரிவு வழி சொல்கிறது. பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் திருப்தி அடைந்தால் மட்டுமே கொல்ல உத்தரவிட முடியும். எனவே முதலில் நிற்பது ஊசித் துப்பாக்கிதான். அது குறி தவறினால் அடுத்த வாய்ப்பு எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

'பவர்' ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே?

ஸ்கோப் என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். 'பத்து மடங்கு பெரிதாகக் காட்டினால் பத்து மடங்கு துல்லியமாக அடிக்கலாம்.' சினிமா ஸ்னைப்பர்கள் கற்றுத்தந்த பாடம். யானை விஷயத்தில் இது தலைகீழ்.

ஸ்கோப்பின் மடங்கு கூடக்கூட, அதில் தெரியும் பரப்பு சுருங்கும். ஒரு மடங்கில் வைத்தால் 100 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 30 மீட்டர் அகலம் தெரியும். பத்து மடங்கில் மூன்று, நான்கு மீட்டர்தான். இப்போது யானை 25 மீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். பத்து மடங்கு ஸ்கோப்பில் ஒரு மீட்டர் அகலம்கூடத் தெரியாது. கண்ணுக்குள் நிறைவது சுருக்கம் விழுந்த சாம்பல் நிறத் தோல் மட்டுமே. அது தொடையா, தோளா, வயிறா? யானை எந்தப் பக்கம் திரும்புகிறது? காது விடைக்கிறதா, தும்பிக்கை சுருள்கிறதா? எதுவும் தெரியாது. யானை கிளம்பிவிட்டால், அது தன்னை நோக்கித்தான் வருகிறது என்பதே குறிபார்ப்பவருக்குத் தாமதமாகத்தான் புரியும்.

அதனால்தான் ஆப்பிரிக்காவில் காட்டெருமை போன்ற ஆபத்தான பெரிய விலங்குகளை நெருக்கத்தில் எதிர்கொள்ளும் துப்பாக்கிகளில் '1-4×24' போன்ற சின்ன ஸ்கோப்தான் பொருத்துகிறார்கள். ஒன்று முதல் நான்கு மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம், முன்கண்ணாடியின் விட்டம் 24 மில்லிமீட்டர் என்பது இந்த எண்களின் பொருள். ஒரு மடங்கில் வைத்தால் இரண்டு கண்களையும் திறந்தபடி குறிபார்க்கலாம். முழு யானையும் தெரியும், பக்கத்துத் தென்னை மரமும் தெரியும், அதன் பின்னால் நிற்கும் ஆளும் தெரிவார்.

இவ்வளவு ஏன், ஜிம் கார்பெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக அவருக்குப் பரிசாகத் தரப்பட்ட பாயின்ட் 275 ரிக்பி துப்பாக்கியில் ஸ்கோப்பே கிடையாது. நெருக்கத்தில் அவருக்குத் தேவைப்பட்டது பெரிதாக்கும் கண்ணாடி அல்ல, மறைப்பில்லாத பார்வை.

இருட்டில் எது வெளிச்சம்?

யானை ஊருக்குள் வருவது பெரும்பாலும் அந்தி சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும்தான். மங்கலான நேரத்தில் நம் கண்ணின் பாவை 5 முதல் 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஸ்கோப்பிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையும் கிட்டத்தட்ட அதே அகலத்தில் இருந்தால்தான் காட்சி பளிச்சென்று இருக்கும்.

இதற்கான கணக்கு எளிது. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் போதும். 4×24 என்றால் 6 மில்லிமீட்டர். 10×40 என்றால் 4 மில்லிமீட்டர்தான். பெரிய கண்ணாடி, அதிக விலை, அதிக பவர் எல்லாம் இருந்தும் அதிகாலை இருட்டில் சின்ன ஸ்கோப்பிடம் தோற்றுப்போகும். நடுவில் சிவப்புப் புள்ளி ஒளிரும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. கறுப்பு யானை மேல் கறுப்புக் கோடுகள் இருட்டில் காணாமல்போய்விடும்.

ஊசி விழும் கணக்கு

வேட்டைத் துப்பாக்கிக்கான ஸ்கோப்பை அப்படியே ஊசித் துப்பாக்கியில் மாட்டிவிட முடியாது. காரணம், தோட்டா வேறு, ஊசி வேறு. கார்பன் டை ஆக்சைடு வாயு அழுத்தத்தில் இயங்கும் ஊசித் துப்பாக்கியிலிருந்து மருந்து நிரப்பிய சிரிஞ்சு ஒன்று பறக்கிறது. அதன் வேகம் தோட்டாவின் வேகத்தில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு.

பள்ளிக்கூட இயற்பியல் கணக்கு போட்டுப் பார்ப்போம். காற்றின் தடையை இப்போதைக்கு விட்டுவிடலாம். நொடிக்கு 700 மீட்டர் வேகத்தில் போகும் தோட்டா, 40 மீட்டர் கடப்பதற்குள் புவியீர்ப்பால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் கீழே இறங்கும். நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் போகும் ஊசி, அதே தூரத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் இறங்கிவிடும்!

ஆகவே 30 மீட்டர் என்று நினைத்துக் குறியைச் சரிசெய்து சுடும்போது யானை 40 மீட்டரில் நின்றால், ஊசி சுமார் 40 சென்டிமீட்டர் கீழே போய்விடும். தொடைச் சதைக்குப் பதில் காலில் படலாம், அல்லது மண்ணில் விழலாம். யானை 15 மீட்டரிலேயே நின்றால், ஊசி 20 சென்டிமீட்டருக்கு மேல் உயரத்தில் தாக்கும். அதுவும் தேவைக்கு அதிகமான விசையில். சதையைத் தாண்டி எலும்பு வரை காயப்படுத்த வாய்ப்புண்டு.

எனவே, ஊசித் துப்பாக்கி எடுப்பவருக்கு ஸ்கோப்பைவிட முக்கியமான கருவி, தூரம் அளக்கும் லேசர் ரேஞ்ச் ஃபைண்டர். முதலில் தூரம். அதற்கேற்ற வாயு அழுத்தம். பிறகுதான் ஸ்கோப்பில் கண் வைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் எத்தனை லட்ச ரூபாய் ஸ்கோப்பும் உதவாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாதாரண வேட்டை ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜம் தூரத்துக்கென்று ஃபோகஸ் செய்யப்பட்டவை. 25 மீட்டரில் பார்த்தால் காட்சி மங்கலாகும். கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே குறியும் நகர்வதுபோலத் தெரியும். ஏர் கன் ஸ்கோப்புகளில் இதைக் கிட்டத்துக்கும் மாற்றியமைக்கத் திருகு இருக்கும். ஊசித் துப்பாக்கிக்கு அதுதான் பொருத்தம். வாயுத் துப்பாக்கி தோளைப் பெரிதாக உதைக்காது என்பதால், யானைத் துப்பாக்கியின் உதையைத் தாங்கும் கனமான ஸ்கோப்புக்குச் செலவு செய்யவும் தேவையில்லை.

ஒரு ஊசி போட்டால் முடிந்ததா?

இல்லை. இந்தியாவில் யானைகளுக்குப் பரவலாகப் பயன்படுவது சைலசின், கீட்டமின் மருந்துகள். சதையில் இறங்கினாலும் முழு மயக்கம் வரப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் யானை ஓடும். ஓடும் வழியில் அணையோ, கிணறோ, சரிவோ இருந்தால் மயங்கி விழுந்து உயிரே போகலாம். யானையை முழுதாக வீழ்த்தவும் கூடாது. நின்றபடியே கிறங்க வேண்டும். அப்போதுதான் கும்கிகள் தள்ளி லாரியில் ஏற்ற முடியும். சின்னக்கானலில் அரிக்கொம்பனுக்கு ஒரு ஊசியோடு முடியவில்லை. அடுத்தடுத்துப் பல ஊசிகள் தேவைப்பட்டன.

கம்பத்தில் இறங்கிய பிறகு அரிக்கொம்பன் சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, சண்முகநதி அணைப் பக்கம் என்று நாள்கணக்கில் சுற்றியது. அத்தனை நாள் ஏன் காத்திருந்தார்கள் என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். தண்ணீர் இல்லாத, சரிவில்லாத, லாரி வந்து நிற்கக்கூடிய, ஆள் கூட்டம் இல்லாத இடம் ஒன்று அமைய வேண்டும். அந்த இடத்தில் யானை சில நொடிகள் பக்கவாட்டில் அசையாமல் நிற்க வேண்டும். அந்தச் சில நொடிகளைத் தரும் ஸ்கோப் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

ஆனால், அந்த நொடிகளைக் கெடுக்க நம்மால் முடியும். கம்பத்தில் யானையைக் கிட்டத்தில் படம்பிடிக்க ட்ரோன் பறக்கவிட்ட ஒருவர் கைது செய்யப்பட்டதும் அந்த நாள்களில் நடந்ததுதான். பெரிதாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அங்கேயும். தலைக்கு மேல் ரீங்காரம் கேட்டால் யானை மிரளும். மிரண்ட யானை நிற்காது. நிற்காத யானைக்கு ஊசி போட முடியாது.

2023 ஜூன் 5 அதிகாலை, சின்ன ஓவுலாபுரம் அருகே அந்த நொடிகள் கிடைத்தன. ஊசி சதையில் இறங்கியது. ஆனைமலையிலிருந்து வந்த கும்கிகள் லாரியில் ஏற்றின. அவற்றில் முத்து என்ற கும்கிக்கு 'அரிசி ராஜா' என்றொரு பழைய பெயர் உண்டு. அரிசிக்காக ஊருக்குள் வந்து பிடிபட்ட யானைதான் அதுவும்! அரிக்கொம்பன் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கோதையாறு மலைக்காட்டில் விடப்பட்டது.

கம்பம் பள்ளத்தாக்கின் இருபுறமும் மலைதான். இன்னொரு யானை என்றாவது திராட்சைத் தோட்டத்துக்கோ வாழைத் தோப்புக்கோ இறங்கத்தான் செய்யும். அன்று யாரோ ஒரு கால்நடை மருத்துவர், தூரத்தை அளந்து, அழுத்தத்தைத் திருப்பி, சின்ன ஸ்கோப்பில் கண் வைத்துக் காத்திருப்பார். அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். டார்ச்சை அணைத்துவிட்டு, செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருங்கள். அவருடைய ஸ்கோப்பில் யானை மட்டும் தெரியட்டும். நீங்கள் தெரிய வேண்டாம்.