மிச்ச எரிபொருள் வீண் செலவு அல்ல

செம்பூர்வாசிகளுக்கு மாகுல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளைத் தெரியாமல் இருக்காது. அங்கே தயாராகும் சரக்குகளில் விமான எரிபொருளும் ஒன்று. அது ஏதோ அபூர்வமான திரவம் அல்ல. ஒரு காலத்தில் தாராவியில் நாம் டின்னும் கையுமாக ரேஷன் கடை வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெயின் உறவுதான். இன்னும் நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டது. மைனஸ் 47 டிகிரி வரை உறையாதது.

ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து ஊருக்குப் போன நம்மவர்கள், இன்று சாவு, கல்யாணம் என்றால் விமானம் ஏறுகிறார்கள். ஆகவே இந்த விஷயம் நமக்கும் சம்பந்தப்பட்டதே.

விமானத்தின் எரிபொருளில் பெரும்பகுதி இறக்கைகளுக்குள் இருக்கிறது. பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கி வளைக்கப் பார்க்கும்; எரிபொருளின் பாரம் அதை அழுத்திப் பிடிக்கும். அதனால்தான் நடுத் தொட்டியை முதலில் காலி செய்கிறார்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் பொதுவாக இரண்டு பம்புகள். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். இடப்பக்க எரிபொருளை வலப்பக்க எஞ்சினுக்குத் திருப்ப ஒரு வால்வு. தீப்பிடித்தால் வரத்தை அடைக்க இன்னொரு வால்வு. பிறகு வடிகட்டி, அளவு காட்டும் கருவி. தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரைக்கூட வடித்துச் சோதிக்கிறார்கள்.

இத்தனை ஏற்பாடு இருந்தும், தொட்டி வற்றினால் பம்பு என்ன செய்யும்?

1993 நவம்பர் 15. சென்னையிலிருந்து ஐதராபாத் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், அங்கே பார்வை மங்கியதால் இறங்க முடியாமல் மீண்டும் மேலே எழும்பியது. அப்போது இறக்கையின் பின்புற மடிப்புப் பலகைகள் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டன. காற்றின் எதிர்ப்பு கூடியது. சென்னைக்குத் திரும்பும் வழியில் கணக்குக்கு மேல் எரிபொருள் செலவாகித் தீர்ந்தது. திருப்பதி அருகே நெல்வயலில் இறக்கினார்கள். 262 பேரும் பிழைத்தது பெரும் பாக்கியம்.

2019 ஜூலையில் மும்பையிலிருந்து டில்லிக்குச் சென்ற விஸ்தாரா விமானம், வானிலை கெட்டதால் லக்னோவுக்குத் திரும்பியது. அங்கும் பார்வை மங்கியது. கடைசியில் லக்னோவில் இறங்கியபோது தொட்டியில் சில நிமிடங்களுக்கான எரிபொருளே மிச்சம்.

போகும் தூரத்துக்கு, வழியில் கூடுதல் செலவுக்கு, மாற்று விமான நிலையம் செல்வதற்கு, அதற்கும் மேல் 30 நிமிடம் பறப்பதற்கு என்று விதி எரிபொருளைக் கணக்கிடுகிறது. அதைவிடக் கூடுதலாக ஏற்றினால் பாரம் கூடும். அந்தப் பாரத்தைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். கம்பெனிகள் சொல்லும் இந்த நியாயம் பொய்யல்ல. ஆனால் விதி சொல்வது குறைந்தபட்ச அளவு. அதற்கு மேல் ஏன் ஏற்றினாய் என்று விமானியைக் கேள்வி கேட்கும் வழக்கம் எந்தக் கம்பெனியிலும் இருக்கக் கூடாது. மழைக்கால மும்பை வானத்தை அறிந்தவர் அவர்தானே?

பயணிகளான நமக்கும் ஒரு கடமை உண்டு. எரிபொருள் நிரப்பத் தாமதமானாலும், வேறு ஊரில் இறக்கினாலும் முகம் சுளிக்க வேண்டாம். டிக்கெட் காசை மட்டும் மடியில் முடிந்துகொண்டு நம்மில் யாரும் ஊருக்குக் கிளம்புவதில்லை. விமானமும் அப்படிக் கிளம்பக் கூடாது.