கடைக்காரரைக் குறைகூறும் முன்

புதிதாகப் பூட்டிய கணினி பொத்தானை அழுத்தியும் இயங்காவிட்டால், "பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்" என்று விற்றவரைத் தூற்ற நம்மில் பலர் தயங்குவதில்லை. ஆராயாமல் ஒரு வணிகரின் நாணயத்தைப் பேசுவது சிறிய செயலன்று.

பவர் சப்ளையின் பின்புறச் சுவிட்ச் வட்டக்குறியின் பக்கம் அழுந்தியிருந்தால் அது அணைந்தே இருக்கிறது. 24 பின் இணைப்பான், கொக்கி மாட்டும்வரை மதர்போர்டில் அழுந்த வேண்டும். செயலிக்கான தனி இணைப்பையும் பார்த்துவிடுவோம்.

பெரும்பாலும் குழப்பம் நேர்வது பெட்டியின் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய கம்பியில்தான். அதைச் செருக வேண்டிய இரண்டு ஊசிகள் எவை என்பது மதர்போர்டின் கையேட்டில் படமாகவே இருக்கும் (அதை யார் பிரிக்கிறார்கள்!). அக்கம்பியைக் கழற்றி, அவ்விரு ஊசிகளை மட்டும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு இணைத்துப் பார்க்கலாம். அங்குள்ளது தாழ்ந்த மின்னழுத்தமே. கணினி விழித்துக்கொண்டால் குறை பொத்தானிலோ கம்பியிலோதான். பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் திறக்கலாகாது.

அசைவே இல்லையெனில், மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டை வெளியே எடுத்து அட்டையின்மேல் வைத்து, செயலி, அதன் விசிறி, ஒரே ஒரு ரேம் ஆகியவற்றுடன் மீண்டும் முயலலாம். வெளியே இயங்கினால், பெட்டிக்குள் தவறான இடத்தில் முடுக்கிய தாங்குதிருகு ஒன்று பலகையைத் தொட்டிருக்கக்கூடும்.

அப்போதும் இயங்காவிட்டால் ரசீதுடன் கடைக்குச் செல்லலாம். அது நம் உரிமை. ஆனால் செயலிக் குழியின் ஊசி நம் கையால் வளைந்திருந்தால், அதையும் கடைக்காரரிடம் சொல்லியே கொடுக்க வேண்டும்.