ஐவர் மிராசு: பங்கு கேட்பதா? ஒழிப்பதா?

ஐக்கிய நாடுகள் சபையின் பாதுகாப்புக் கவுன்சிலைத் திருத்தி அமைக்க வேண்டும் என்கின்ற பேச்சு உலகமெங்கும் பலமாக அடிபட்டு வருகின்றது. நமது தேசத்திலோ, "இந்தியாவுக்கு நிரந்தர ஸ்தானம் எப்போது?" என்கின்ற ஒரே கேள்விதான் கொட்டை எழுத்தில் காணப்படுகின்றது. ஏதாவதொரு அந்நிய தேசத்து மந்திரி "இந்தியாவை ஆதரிக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அதையே பெரிய வெற்றியாக வைத்துக் கொண்டாடுகின்றோம். ஆனால் அந்த நிரந்தர ஸ்தானம் என்பது என்ன, அது எப்படி ஏற்பட்டது, அதனால் லாபமடைந்தவர்கள் யார், நஷ்டமடைந்தவர்கள் யார் என்று யோசித்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விளக்கமாக எடுத்துச் சொல்வது அவசியமென்று கருதுகிறோம்.

ஐக்கிய நாடுகள் சபையில் இன்று 193 தேசங்கள் அங்கத்தினர்களாய் இருக்கின்றன. உலகத்தில் யுத்தமா சமாதானமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் இந்த 193-க்கும் கிடையாது. அது 15 பேர் கொண்ட பாதுகாப்புக் கவுன்சிலுக்கே உண்டு. அந்தப் பதினைந்தில் பத்துப் பேரை மற்ற தேசத்தார் ஓட்டுப் போட்டு இரண்டு வருஷத்துக்கென்று தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு வருஷம் முடிந்தால் அவர்கள் எழுந்து போய்விட வேண்டும். உடனே மறுபடியும் நிற்கக்கூட முடியாது. மற்ற ஐவரோ, அதாவது அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்சு ஆகியவர்களோ, யாருடைய ஓட்டும் கேட்க வேண்டியதில்லை. உட்கார்ந்த நாற்காலியில் என்றென்றைக்கும் உட்கார்ந்திருக்கலாம். அது மாத்திரமல்ல. ஒரு தீர்மானம் நிறைவேற 15-ல் 9 ஓட்டு வேண்டும். ஆனால் 14 பேர் ஆதரித்தாலும், இந்த ஐவரில் ஒருவர் "கூடாது" என்று சொல்லிவிட்டால் தீர்மானம் செத்துப் போகும். இதற்குத்தான் வீட்டோ அதிகாரம் என்று பெயர்.

இதை நமது ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்துப் பார்ப்போம். ஓர் ஊரில் 193 வீடுகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்து வீட்டார் பஞ்சாயத்தில் பரம்பரை மிராசு பாத்தியதை கொண்டாடுகின்றார்கள். அந்த ஐவரில் ஒருவன் அயல் வீட்டான் நிலத்தில் ஏரைக் கட்டி உழுதுவிட்டான் என்று பிராது வருகின்றது. விசாரிக்கிற பஞ்சாயத்தாரில் அவனும் ஒருவன். மற்ற எல்லோரும் "இது அக்கிரமம்" என்றாலும், "அக்கிரமம் அல்ல" என்று அவன் ஒருவன் கையைத் தூக்கினால் வழக்குத் தள்ளுபடி! இதைப் பஞ்சாயத்து என்று எந்த மானமுள்ள ஊராராவது ஒப்புக்கொள்வார்களா என்று கேட்கின்றோம்.

இது நாம் கற்பனை செய்து சொல்வதல்ல. 2022-ம் வருஷம் பிப்ரவரி 25-ந் தேதி இப்படியேதான் நடந்தது. ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்ததைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு 11 பேர் ஆதரவளித்தார்கள். இந்தியா, சீனா உட்பட 3 பேர் நடுநிலை வகித்தார்கள். எதிர்த்தது ரஷ்யா ஒன்றுதான். தீர்மானம் வீழ்ந்தது. இதில் இன்னொரு வேடிக்கை என்னவென்றால், அந்த மாதம் கவுன்சிலுக்கு அக்கிராசனம் வகித்ததும் ரஷ்யாவேதான்! குற்றவாளியே நீதிபதி ஸ்தானத்தில் இருந்துகொண்டு தனக்குத் தானே விடுதலைத் தீர்ப்பு எழுதிக்கொண்ட விந்தை இது.

ரஷ்யாவைச் சொல்லிவிட்டு அமெரிக்காவைச் சொல்லாமல் விட்டால் அது யோக்கியமாகாது. காஸாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளும் ஸ்திரீகளும் மடிந்து கொண்டிருக்கையில், சண்டையை நிறுத்த வேண்டும் என்ற தீர்மானத்தை 2023 டிசம்பரில் 13 பேர் ஆதரித்தார்கள், அமெரிக்கா தடுத்தது. 2024 நவம்பரில் 14 பேர் ஆதரித்தார்கள்; தடுத்தது. 2025 ஜூனில் 14 பேர், செப்டம்பரில் 14 பேர், அப்போதும் தடுத்தது. ஜூன் மாதத் தீர்மானம் கேட்டதெல்லாம் சண்டை நிற்க வேண்டும், பிடித்து வைத்திருக்கும் பணயக் கைதிகளை விட வேண்டும், பட்டினி கிடப்பவர்களுக்குச் சாப்பாடு போக வழிவிட வேண்டும் என்பவைகளே. இதற்குக்கூட ஒருவருடைய அனுமதி வேண்டுமாம்!

மற்றவர்களும் சளைத்தவர்களல்ல. சிரியாவில் அகப்பட்டுக்கொண்ட ஜனங்களுக்கு எல்லை தாண்டி உணவும் மருந்தும் கொண்டு போகும் ஏற்பாட்டை இன்னும் 9 மாதம் நீட்டிக்கும் தீர்மானத்தை 2023 ஜூலையில் ரஷ்யா தடுத்தது. மாசிடோனியா என்ற சின்னஞ்சிறு தேசத்தில் அமைதி காத்து வந்த ஐக்கிய நாடுகள் படை மேலும் இருக்கக்கூடாதென்று 1999-ல் சீனா தடுத்தது. அத்தேசம் தைவானுடன் உறவு வைத்துக்கொண்ட சில வாரங்களிலேயே இது நடந்ததென்றால் உள்ளர்த்தம் யாருக்கும் விளங்கும். நிறத்திமிர் பிடித்த தென்னாப்பிரிக்க சர்க்காரைச் சபையிலிருந்து வெளியேற்ற 1974-ல் தீர்மானம் வந்தபோது அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு மூன்றும் ஒரே நேரத்தில் வீட்டோ செய்து அதைக் காப்பாற்றின. ஆகவே இது ஒருவருடைய குணதோஷத்தால் வந்த கேடல்ல. எவன் கையில் கொடுத்தாலும் இந்த ஆயுதம் இதே வேலையைத்தான் செய்யும் என்பதற்கு எண்பது வருஷ சரித்திரமே அத்தாட்சி.

நிற்க, இந்த அதிகாரத்தை இவர்களுக்கு யார் கொடுத்தது? 1945 பிப்ரவரியில் யால்டா என்ற ஊரில் கூடிப் பேசிய மூன்று பெருந்தலைவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் இது. பிறகு சான் பிரான்சிஸ்கோவில் 50 தேசத்தார் கூடியபோது, ஆஸ்திரேலியாவின் எவாட் முதலிய சிறு தேசத்துப் பிரதிநிதிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அப்போது அமெரிக்க செனட்டர் டாம் கொனாலி என்பவர், "வீட்டோ வேண்டாமென்றால் சாசனமே இல்லை" என்னும் கருத்துப்படப் பேசி, சாசன நகலைக் கையிலெடுத்துக் கிழித்தே காட்டினார். அதாவது, ஒப்புக்கொண்டால் பந்தியில் உட்காரு, இல்லாவிட்டால் இலையைத் தூக்கிவிடுவோம் என்கின்ற மிரட்டலின் பேரில் வாங்கப்பட்ட சம்மதம் இது.

அன்றியும், அன்று சம்மதித்தவர்கள்தான் யார்? சபையின் ஆரம்ப அங்கத்தினர்கள் 51 தேசங்களே. அவற்றுள் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் நான்கே நான்கு பேர். இந்தியாவின் பேரால் சென்ற தூதுக்குழுவுக்குத் தலைவராயிருந்து சாசனத்தில் கையெழுத்திட்டவர் நமது சர். ஆற்காடு இராமசாமி முதலியார்தான். ஆனால் அன்றைய இந்தியா பிரிட்டிஷாரின் கீழிருந்த இந்தியா. அடிமைப்பட்டுக் கிடந்த கோடிக்கணக்கான ஜனங்களின் பேரால் அவர்களைக் கேளாமலே எழுதப்பட்ட பத்திரம், அவர்கள் விடுதலை பெற்று வந்த பின்பும் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது என்றால் இதில் நியாயம் எங்கே?

இப்பத்திரத்தின் லட்சணத்தையும் பாருங்கள். அதன் 23-வது ஷரத்தில் இன்றைக்கும் "சோவியத் யூனியன்" என்றும் "சீனக் குடியரசு" என்றும்தான் எழுதியிருக்கின்றது. சோவியத் யூனியன் 1991-ல் கலைந்துவிட்டது. அந்த நாற்காலியில் ரஷ்யா உட்கார்ந்துகொண்டது. சீனாவின் நாற்காலியில் 1971 வரை தைவானிலிருந்த சர்க்கார் உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு பீக்கிங் சர்க்கார் வந்தது. ஆள் மாறியும், தேசமே மறைந்தும், நாற்காலி மாத்திரம் அழியாமல் இருக்கிறதாம்!

வீட்டோவுக்காக வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்லும் சமாதானங்களையும் பார்ப்போம். வல்லரசுகளின் சம்மதமில்லாமல் தீர்மானம் செய்தால் உலக யுத்தம் வந்துவிடும் என்பது ஒன்று. படை அனுப்பும் தீர்மானத்தைப் பற்றி இதைச் சொன்னாலாவது ஒருவாறு அர்த்தமுண்டு. அதற்கு வேண்டுமானால் 15-ல் 12 ஓட்டு வேண்டுமென்று வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அக்கிரமத்தை அக்கிரமமென்று சொல்லுவதற்கும், பட்டினி கிடப்பவனுக்கு ரொட்டி அனுப்புவதற்கும் எந்த உலக யுத்தம் வரும்? மேலும், பிரிட்டனும் பிரான்சும் 1989-க்குப் பிறகு ஒருதரம்கூட வீட்டோவை உபயோகிக்கவில்லை. அதனால் அவ்விரு தேசங்களும் முழுகிப் போய்விடவில்லையே! முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தொடாமல் வாழ முடிகிற ஒரு ஆயுதம், இல்லாமலே வாழவும் முடியும் என்றுதானே அர்த்தம்?

இந்தியாவுக்கே வீட்டோ உதவியிருக்கிறதே என்பது இரண்டாவது. உண்மைதான். 1961-ல் கோவா விஷயத்திலும், 1971-ல் வங்காள தேசத்து யுத்தத்தின்போதும், காஷ்மீர் விஷயத்திலும் சோவியத் ரஷ்யாவின் வீட்டோ நமக்குக் கை கொடுத்தது. இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் நம்முடைய நியாயம், நியாயம் என்பதற்காகவா நிலைத்தது? ஒரு பெரிய மனிதன் அன்றைக்கு நம் பக்கம் நின்றான் என்பதற்காக நிலைத்தது. அவன் நாளைக்கு எதிர்ப்பக்கம் போனால் நம் கதி என்ன? எஜமானின் தயவில் கிடைத்த சௌகரியத்தை உரிமை என்று எண்ணிக்கொள்வது ஏமாளித்தனமே ஆகும்.

இனி, இன்று நடக்கும் சீர்திருத்தப் பேச்சின் யோக்கியதையைக் கவனிப்போம். இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் ஆகிய நான்கு தேசங்களும் கூடி 2005-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தன. பதினைந்தை இருபத்தைந்தாக்கி, புதிதாக 6 நிரந்தர ஸ்தானமும் 4 தேர்தல் ஸ்தானமும் ஏற்படுத்துவது. வீட்டோவைப் பற்றிப் பதினைந்து வருஷம் கழித்துப் பேசிக்கொள்வது என்பது அத்திட்டம். உடனே இந்தியாவுக்குக் கூடாதென்று பாகிஸ்தானும், ஜெர்மனிக்குக் கூடாதென்று இத்தாலியும், பிரேசிலுக்குக் கூடாதென்று அர்ஜெண்டினாவும் மெக்சிகோவும் மறித்துக்கொண்டன. இக்கூட்டத்துக்கு முன்னே "காப்பி கிளப்" என்றே பெயர். ஆப்பிரிக்க தேசத்தாரோ அதே வருஷத்தில், "வீட்டோ கொள்கையளவில் தப்புத்தான், ஆனால் அது இருக்கும்வரை எங்கள் கண்டத்துக்கும் அதோடு கூடிய இரண்டு ஸ்தானம் வேண்டும்" என்றார்கள். 54 தேசங்களுள்ள கண்டத்துக்கு ஒரு நிரந்தர ஸ்தானமும் இல்லாதிருக்கும் கொடுமையில் அவர்கள் அப்படிக் கேட்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் இவர்கள் எல்லோரும் ஒருவரோடொருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஐவரும் நிம்மதியாய் இருக்கிறார்கள். 2024-ல் அமெரிக்கா, "ஆப்பிரிக்காவுக்கு இரண்டு நிரந்தர ஸ்தானம் தரலாம், ஆனால் வீட்டோ கிடையாது" என்றது. அதாவது திண்ணைவரை வரலாம்; உள்ளே வரக்கூடாது!

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஐந்து மிராசுதாரர்களால் ஊர் கெட்டதென்று சொல்லிவிட்டு, அதைப் பத்து மிராசுதாரர்களாக்குவது எப்படிப் பரிகாரமாகும்? பத்துப் பேரில் எவன் தடுத்தாலும் தீர்மானம் சாகுமென்றால் முன்னைவிட இருமடங்கு பூட்டுத்தானே? அந்தப் பத்தில் நாமும் ஒருவர் என்பதற்காக அது நியாயமாகிவிடுமா? நம் கையிலிருக்கும் பூட்டு பர்மாவிலோ இலங்கையிலோ வாடுகின்ற ஜனங்களுக்கு எதிராய்த் திரும்பாது என்று யார் ஜவாப்தாரி?

உண்மையான சீர்திருத்தம் வேறு. முதலாவது, தன் வழக்கில் தானே ஓட்டுப் போடக்கூடாது. சமாதானப் பேச்சு சம்பந்தமான தீர்மானங்களில் விவகாரத்தில் சம்பந்தப்பட்டவர் ஓட்டுப் போடாமல் விலக வேண்டும் என்று 27-வது ஷரத்திலேயே எழுதியிருந்தும், அது ஏட்டுச் சுரைக்காயாய்க் கிடக்கின்றது. அதை உயிர்ப்பித்து, எல்லாத் தீர்மானங்களுக்கும் விஸ்தரிக்க வேண்டும். இரண்டாவது, ஒருவர் தடுத்தால் தீர்மானம் வீழும் என்பது போய், குறைந்தது மூவர் தடுத்தாலன்றி வீழாது என்று ஏற்பட வேண்டும். நாளடைவில் அதுவும் போக வேண்டும். மூன்றாவது, நிரந்தரம் என்ற வார்த்தையே எடுபட்டு, கண்டத்துக்கு இத்தனை என்று பிரித்து, எல்லா ஸ்தானங்களும் தேர்தலுக்கு வர வேண்டும். யோக்கியமாய் நடக்கிற தேசம் மறுபடியும் நின்று ஜெயித்துக்கொள்ளட்டும், யார் வேண்டாமென்றார்கள்?

சாசனத்தைத் திருத்த 108-வது ஷரத்துப்படி மூன்றில் இரண்டு பங்கு தேசங்களோடு ஐவருடைய சம்மதமும் வேண்டுமே, பூனைக்கு மணி கட்டுவது யார் என்பார்கள். 1963-ல் நடந்ததை ஞாபகப்படுத்துகிறோம். 11 பேர் கவுன்சிலை 15 பேராக்கும் தீர்மானம் வந்தபோது ரஷ்யாவும் பிரான்சும் எதிர்த்து ஓட்டுச் செய்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் நடுநிலை வகித்தன. ஆனால் புதிதாய் விடுதலையடைந்த ஆசிய ஆப்பிரிக்க தேசங்கள் ஒரே கட்டாய் நின்று 97 ஓட்டில் அதை நிறைவேற்றின. பிறகு என்ன ஆயிற்று? எதிர்த்தவர்களே இரண்டு வருஷத்துக்குள் கையெழுத்துப் போட்டார்கள். 1965 ஆகஸ்டில் அது அமுலுக்கு வந்தது. 1956-ல் சூயஸ் விஷயத்தில் பிரிட்டனும் பிரான்சும் வீட்டோ செய்தபோது, விவகாரம் பொதுச்சபைக்குக் கொண்டுபோகப்பட்டது. அதன் கண்டனமும் அமெரிக்காவின் பண நெருக்கடியும் சேர்ந்து, வருஷம் முடிவதற்குள் அவ்விரு படைகளையும் வெளியேற்றின. 2022 ஏப்ரல் முதல், யார் வீட்டோ செய்தாலும் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி விவாதிக்க வேண்டும் என்ற விதியும் ஏற்பட்டிருக்கிறது. ஆகவே கதவு அடைத்தே கிடக்கிறது என்பது பொய். சேர்ந்து தள்ளுவதற்கு ஆள் இல்லை என்பதே மெய்.

இந்தியா எட்டு முறை தேர்தலில் ஜெயித்து அந்தக் கவுன்சிலில் உட்கார்ந்திருக்கின்றது. ஓட்டு வாங்கி உட்காருவதில் ஒரு மானக்குறைவும் இல்லை. ஓட்டில்லாமல் உட்கார்ந்திருப்பதில்தான் மானக்குறைவு. "எங்களுக்கும் ஒரு மிராசு" என்று ஐவர் வாசலில் காத்துக் கிடப்பதைவிட, "எவருக்கும் மிராசு கூடாது" என்று 188 பேருக்கு முன்னால் நின்று சொல்லும் தேசத்துக்கே உலகம் செவி சாய்க்கும். நமது சர்க்கார் இவ்விரண்டில் எதைச் செய்யப் போகிறதென்று பொதுஜனங்கள் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. நாற்காலி கிடைக்குமா என்று கேட்பதை விட்டு, நியாயம் கிடைக்குமா என்று கேட்பார்களாக.