“வயசு கேட்டா 19-னு சொல்லு!” - மறைக்கப்படும் சிறுமித் தாய்கள்... நாம் என்ன செய்யலாம்?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழையும் முன், கர்ப்பமாக இருக்கும் சிறுமிகளுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான். ஆதார் கார்டைக் கேட்டால், “ஊர்ல வெச்சுட்டு வந்துட்டோம்” என்று சொல்ல வேண்டும். எந்த வகுப்பு படிக்கிறாய் என்று கேட்டால், “படிப்பை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு” என்று சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தைக்கூட நம்பாத குடும்பங்கள், பிரசவ வலி வரும்வரை அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரி பக்கமே அழைத்து வருவதில்லை. ஆபத்து அங்குதான் இருக்கிறது தோழிகளே.

“இந்தக் காலத்துல யாரு சின்னப் பொண்ணுக்குக் கல்யாணம் பண்றாங்க?” என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 2019-21ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 சதவிகிதம் பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். ஏறக்குறைய எட்டில் ஒருவர். அதே ஆய்வில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 6.3 சதவிகிதம் பேர் ஏற்கெனவே தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். மருத்துவத்துக்குப் பெயர்போன நம் மாநிலத்தின் கணக்கு இது.

உடம்பு தயாரா?

பூப்பெய்திவிட்டாலே உடம்பு பிள்ளை பெறத் தயாராகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மாதவிடாய் தொடங்கிய பிறகும் இடுப்பெலும்பின் வளர்ச்சி சில ஆண்டுகள் தொடரும். வளரும் பெண்ணின் உடம்புக்கே இரும்புச்சத்தும் கால்சியமும் போதாமல் இருக்கும்போது, வயிற்றில் உள்ள குழந்தையும் அதில் பங்கு கேட்கும். ரத்தசோகை, ரத்த அழுத்தம் எகிறி வலிப்புவரை போவது, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை... இவற்றுக்கான வாய்ப்பெல்லாம் பதின்பருவத்துத் தாய்க்கு அதிகம். ஆனால், இவற்றில் பெரும்பாலானவற்றை மாதாமாதம் பரிசோதனைக்குப் போனால் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். பி.பி பார்ப்பதும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பதும் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம்.

கேஸ் ஆகிடுமோ என்ற பயம்

பிறகு ஏன் மறைக்கிறார்கள்? போலீஸ் பயம். 18 வயதுக்கு உட்பட்ட பெண் கர்ப்பம் என்று தெரிந்தால், டாக்டர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் அப்படிச் சொல்கிறது. “தாலி கட்டின புருஷன்தானே” என்ற வாதமும் எடுபடாது. 18 வயது நிறையாத மனைவியுடன் உறவுகொள்வதும் பாலியல் வன்கொடுமையே என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கணவன் ஜெயிலுக்குப் போனால் சோறு போடுவது யார் என்ற பயம் அந்தக் குடும்பத்துக்கு. அதை நாம் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. குழந்தைகளைக் காக்க வந்த சட்டம், சில வீடுகளில் ஒரு குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து விரட்டிக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் சில விஷயங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, இந்த வழக்கில் அந்தப் பெண் குற்றவாளி இல்லை, பாதிக்கப்பட்டவர். அவருடைய பெயரையோ புகைப்படத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது.

இரண்டு, “எஃப்.ஐ.ஆர் காப்பி கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கிறோம்” என்று எந்த ஆஸ்பத்திரியும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனடி சிகிச்சை தர வேண்டும். 2020-ம் ஆண்டின் போக்சோ விதிகள், ஆவணம் கேட்டுக் காக்கவைக்கக் கூடாது என்கின்றன.

மூன்று, விசாரணை முடியும்வரை கூடவே இருந்து உதவ, குழந்தைகள் நலக் குழு மூலம் ஓர் ஆதரவு நபரைக் கேட்டுப் பெறலாம். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடு கேட்கவும் வழி உண்டு.

தொடர்வதா, கலைப்பதா?

பதின்பருவத்தில் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவது சகஜம். அதனால் கர்ப்பம் என்று தெரிவதற்கே மூன்று, நான்கு மாதங்கள் ஆகிவிடுகின்றன. பயத்தில் ஊசி போடுபவரையோ, மெடிக்கல் ஷாப் மாத்திரையையோ நாடுபவர்கள் ரத்தப்போக்கில் உயிருக்குப் போராடும் நிலைக்குப் போகிறார்கள். சட்டப்படியே வழி இருக்கிறது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தின் பேரிலும், 18 வயது நிறையாதவர்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தின் பேரிலும் கருக்கலைப்பு செய்துகொள்ளலாம். பாதுகாவலரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்காக வந்தவரின் பெயர், விவரங்களைப் போலீஸுக்கு அனுப்பும் தகவலில் டாக்டர் குறிப்பிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால், எத்தனையோ பெண்கள் போலி டாக்டர்களிடம் போகாமல் இருப்பார்கள்.

குழந்தையைப் பெற்ற பிறகு வளர்க்க முடியாத நிலையில் இருப்பவர்கள், அதைக் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. இந்த முடிவுகளில் எதை எடுப்பது என்று அந்தப் பெண்ணையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் அந்த அறையில் கேட்கப்படாத ஒரே குரல் அவளுடையதுதான்.

பிரசவத்துக்குப் பிறகுதான் நிஜப் பரீட்சை

கர்ப்பத்தைப் பதிவு செய்து ‘பிக்மி’ எண் வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி கிடைக்கிறது. ஆனால், அதற்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். இளவயதுத் திருமணத்தை ஊக்குவித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதியாக இருக்கலாம். ஆனாலும், ஊட்டச்சத்து அதிகம் தேவைப்படுகிற 16 வயதுத் தாய்தான் அதனால் விடுபட்டுப்போகிறாள். அரசு இதை யோசிக்க வேண்டும். அதுவரை அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் தரும் சத்துமாவையும், சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரைகளையும் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, இரண்டாவது குழந்தை. 16 வயதில் ஒன்று, 17 வயதில் இன்னொன்று என்றானால் அந்த உடம்பு தேறவே தேறாது. பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கருத்தடை பற்றிக் கேட்டுவிட வேண்டும். பிரசவம் முடிந்ததுமே பொருத்தக்கூடிய காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தாரா’ ஊசி, ‘சாயா’ மாத்திரை ஆகியவை அரசு மருத்துவமனைகளில் இலவசம். எது யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர் சொல்வார். “மாமியாரைக் கேட்டுட்டு வர்றேன்” என்று கிளம்புபவர், அடுத்த முறை கர்ப்பமாகத்தான் திரும்பி வருகிறார்.

மூன்றாவது, படிப்பு. கைக்குழந்தையோடு வகுப்புக்குப் போக முடியாவிட்டாலும் 10-ம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலமும் எழுதலாம். தேர்வு நாளில் மூன்று மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டியோ சித்தியோ முன்வந்தால் போதும். அவள் வாழ்க்கை திசை மாறும். கட்டாயமாக நடந்த இளவயதுத் திருமணத்தை வேண்டாம் என்று நினைப்பவர், 20 வயது நிறைவதற்குள் நீதிமன்றத்தில் அதை ரத்து செய்யக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது.

தடுப்பது எப்படி?

காரணம் தெரியாமல் தடுக்க முடியாது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் விட்டு ஊர் போகிற பெற்றோர், வயசுக்கு வந்த மகளை யாரிடம் விட்டுப் போவது என்று தவிக்கிறார்கள். “யாரோடயாவது ஓடிப்போயிட்டா?” என்ற பயம் இன்னொரு பக்கம். தாய்மாமன் கையில் பிடித்துக்கொடுத்தால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். ஊருக்குப் பக்கத்தில் பாதுகாப்பான விடுதி, போய்வர பஸ் வசதி, பக்கத்திலேயே மேல்நிலைப் பள்ளி... இவை இருந்தாலே பாதிக் கல்யாணங்கள் தள்ளிப்போகும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப்பெண்’ திட்டம் 2022-ல் வந்தது. படிக்கும் மகள் சுமையில்லை என்று சொல்ல அந்தப் பணம் ஓர் அம்மாவுக்குக் கை கொடுக்கும்.

காதலித்து வீட்டை விட்டுப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாப்கின் எப்படி வைப்பது என்று மகளுக்குச் சொல்லித்தரும் நாம், கர்ப்பம் எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லித் தருவதில்லை. அந்தப் பேச்சை நாம் தவிர்த்தால், செல்போன் அதைத் தப்பும் தவறுமாகச் சொல்லித்தரும். மகனுக்கும் சொல்லுங்கள். இதில் பாதிப் பொறுப்பு அவனுடையது.

குழந்தைத் திருமணம் நடக்கப்போவது தெரிந்தால் 1098-க்கு எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். மாவட்ட சமூக நல அலுவலரிடமும் சொல்லலாம். பெண்களுக்கான உதவிக்கு 181, மருத்துவ ஆலோசனைக்கு 104. நடத்திவைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் கல்யாணப் பத்திரிகைகள் வரத் தொடங்கும். மொய்க் கவரை எடுப்பதற்கு முன், பொண்ணு எந்த வகுப்பு படிக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கல்யாணம் ஏற்கெனவே முடிந்து, அவள் வயிற்றில் குழந்தையும் இருந்தால், திட்டி அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள்.