விகடகவியும் டி.என்.ஏ.வும்

லேபில் ‘பாலிண்ட்ரோம்’ புரோகிராம் போடாதவர் நம்மில் யார்? இரண்டு இங்கிலீஷ் வார்த்தையைக் கொடுப்போம், ‘எஸ்’ என்று திரையில் வரும், ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கேண்டீனுக்கு ஓடுவோம். இதே விகடகவி விளையாட்டு நம் உடம்புக்குள்ளும் நடக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பத்தாவதோடு உயிரியலுக்கு டாட்டா காட்டியவர்கள்தானே நாம்!

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்தில் எழுதிய இரட்டை இழை. ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. இரண்டு இழையும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்பதை எடுங்கள். அப்படியே திருப்பினால் விகடகவி ஆகாது. ஆனால் எதிர் இழையை அதன் திசையில் படித்துப் பாருங்கள், அதே ஜி-ஏ-ஏ-டி-டி-சி! அதாவது முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றாக இருக்கக் கூடாது, ஜோடியாக இருக்கணும். நம் புரோகிராமில் ஒப்பிடுகிற அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். இன்னொரு வேடிக்கை, ‘விகடகவி’ போல ஐந்தெழுத்து இங்கே செல்லாது. நடு எழுத்து தனக்குத் தானே ஜோடி ஆக முடியாதே!

“இதெல்லாம் டாக்டருக்குப் படிக்கிறவன் சமாச்சாரம்டா” என்கிறான் பக்கத்து பெஞ்ச் நண்பன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த ஆறெழுத்தைக் கண்டால் வெட்டுகிற பாக்டீரியாக் கத்தரி ஒன்று உண்டு. பெயர் ஈகோ-ஆர்-ஒன். அதை வைத்துத்தான் 1973-ல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் ஜீன்களை வெட்டி ஒட்டினார்கள். அந்த வழியில் பாக்டீரியா தயாரித்த மனித இன்சுலினுக்கு 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எங்க அம்மா தினமும் போட்டுக்கொள்வது அந்த வழியில் வந்த ஊசிதான். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவனுக்கு இது எப்படி அந்நியமாகும்?

ஆனால் ஃபைனல் இயர் புராஜெக்ட் என்றால் நமக்கு லைப்ரரி கணக்கு, இல்லாவிட்டால் சம்பளக் கணக்கு. அதையும் சிலர் காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்கள்! லாம்ப்டா என்ற வைரஸின் 48,502 எழுத்தும் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆறெழுத்து, தற்செயல் கணக்குப்படி 4,096 இடத்துக்கு ஒருமுறை வரணும். ஆக, சுமார் 12 இடம். புரோகிராமை ஓட்டினால் ஈகோ-ஆர்-ஒன் வெட்டுகிற இடம் ஐந்தே ஐந்து! மீதி ஏழு எங்கே போச்சு? கேண்டீனில் உட்கார்ந்து இதைப் பேசலாம், வாங்க.