ஊட்டிக்கு முன்னால் கோத்தகிரி!

காரமடை அரங்கநாதரைக் கும்பிட்டுவிட்டு மேட்டுப்பாளையம் போகிறவர்கள் பெரும்பாலும் ஊட்டி ரோட்டைத்தான் பிடிப்பார்கள். ஒருமுறை கோத்தகிரி பக்கம் வண்டியைத் திருப்பிப் பாருங்கள். ஊட்டியை விட மூத்த கதை இங்கே இருக்கிறது.

1819-ல் மலையேறிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் முதலில் பங்களா கட்டியது ஊட்டியில் அல்ல, கோத்தகிரியை ஒட்டிய கன்னேரிமுக்கில். இன்று அது நினைவகம். நீலகிரியை அவர் 'கண்டுபிடித்தார்' என்பதெல்லாம் கொஞ்சம் அதிகம். ஊர்ப் பெயரிலேயே இருக்கும் கோத்தர்கள் அவருக்குப் பல தலைமுறை முந்தியவர்கள் ஆச்சே!

கோடநாடு காட்சிமுனையில் நின்றால் மாயாற்றுப் பள்ளத்தாக்கு தெரியும். மேகம் மூடிவிட்டால் வெறும் வெள்ளைதான், காலையிலேயே போய்விடுங்கள். கிளம்பும் முன் இ-பாஸ் விதியைப் பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. வீட்டிலிருந்தே சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.