கையெழுத்துக்கு முன்னால்

“டி-சட்டையில் அச்சடிப்பார்களே, அதுவா?” என் வேலையைச் சொன்னதும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அதேதான் என்பேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, அதன்மேல் மை, மையை இழுக்க ஒரு ரப்பர் பட்டை. எங்கள் பட்டறையில் ஒரே வித்தியாசம், பக்கத்தில் ஓர் ஓவியர் பல நாள் உட்கார்ந்திருப்பார்.

அவர் வரைகிறார், நாங்கள் அச்சடிக்கிறோம் என்று இதைப் பிரித்துவிட முடியாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்திரை. எந்த நிறம் எதன்மேல் ஏறினால் கலங்கும் என்பது எங்களுக்குத் தெரியும். எந்தக் கலங்கல் அழகு என்பது அவருக்குத்தான் தெரியும். “மழை விட்டதும் கொய்யா இலை இருக்குமே, அந்தப் பச்சை” என்றார் அண்மையில் வந்த பெரியவர். அந்தப் பச்சைக்கே ஒரு நாள் முழுக்கப் போனது.

லண்டனில் கிறிஸ் பிரேட்டரும் அவர் மனைவி ரோஸும் 1957இல் கெல்ப்ரா ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். சிற்பி எடுவார்டோ பாவ்லோட்சி 1965இல் அங்கே உருவாக்கிய அச்சோவியத் தொகுப்பைப் புத்தகத்தில் பார்க்கும்போதெல்லாம், என் கண் வண்ணங்களை விட்டு விளிம்புகளுக்கே போகும். ஸ்டென்சிலைக் கையால் வெட்டுவதில் பிரேட்டர் பெயர்பெற்றவர். தொழில் புத்தி, என்ன செய்வது!

பெரியவரின் படத்துக்கு எட்டு நிறம், 25 பிரதிகள். கெட்டுப்போவதற்கும் சேர்த்து 40 பருத்தித்தாள் எடுத்திருந்தோம். ஐந்து நிறம் முடிந்த இரவு, மின்கட்டணத்தை நினைத்து ஏர்கானை நிறுத்திவிட்டுப் போனேன். நம் ஊர் ஈரக்காற்றைக் குடித்துத் தாள் சற்றே விரிந்திருக்கிறது. காலையில் அவசரமாக ஆறாவது நிறத்தை இழுத்தேன். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே தலைமுடி அளவு வெள்ளைக் கோடு. கண்ணில் பட்டபோது 14 தாள் முடிந்திருந்தது.

சட்டம் போட்டு மாட்டினால் யாருக்கும் தெரியாது. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். திரை கழுவும் பையன்தான் மெதுவாகச் சொன்னான்: “அக்கா, ஐயாகிட்ட சொல்லிடலாம்.”

சொன்னோம். பெரியவர் அந்த 14 தாளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “மிச்சத்தை வைத்து 20 போடுங்கள், போதும்” என்றார். விற்பனையில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு என்பது ஒப்பந்தம். ஐந்து பிரதி குறைந்தால் அவருக்கும் நட்டம். தாள் செலவை நான் ஏற்றேன். அவர் பங்கைக் குறைக்காமல் கொடுக்க முன்வந்ததை அவர் ஏற்கவில்லை. அந்தக் கணக்கு இன்னும் எனக்குள் தீரவில்லை.

மீதித் தாள்களை ஒரு நாள் குளிரில் ஆறவிட்டு முடித்தோம். அவர் பென்சிலால் 1/20 என்று தொடங்கிக் கையெழுத்திட்டார். நான் மூலையில் பட்டறையின் மையில்லா முத்திரையை அழுத்தினேன். தப்பிய 14 தாளையும் அவர் முன்னாலேயே கிழித்தோம்.

பிறகு திரைகளை அழிக்க வேண்டும். 20 என்று எழுதியபின் 21ஆவது வரக் கூடாது அல்லவா? வழக்கமாகப் பையன் செய்யும் வேலை. அன்று தண்ணீர்க் குழாயை நான் பிடித்தேன். கொய்யா இலைத் திரையைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.